1.6 கிலோமீட்டர், 7 நிமிடம் 30 விநாடி: ராணுவ உடற்தகுதித் தேர்வுக்கு வடசென்னைப் பெண்கள் தயாராகும் முறை

ராணுவக் காவல் பிரிவில் அக்னிவீராக, அதாவது நான்கு ஆண்டுப் பணியில், சேர விரும்பும் பெண், ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டர் தூரத்தை 7 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடி முடித்தால் முதல் பிரிவிலும், 8 நிமிடத்துக்குள் முடித்தால் இரண்டாம் பிரிவிலும் இடம்பெறுகிறார். அதைத் தாண்டி ஒரு விநாடி கூடினாலும் அந்த ஆண்டு அவருக்கு முகாம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஓட்டத்துக்குப் பிறகு 10 அடி நீளம் தாண்ட வேண்டும். 3 அடி உயரம் தாண்ட வேண்டும். இந்த மூன்றையும் ஆறு மாதப் பயிற்சியில் எட்டிவிட முடியும் என்பதை, தண்டையார்பேட்டைப் பகுதியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்துகொண்டு காலை வேளைகளில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவரும் நான் உறுதியாகச் சொல்வேன். என்னிடம் வந்து தோற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் ஓடத் தெரியாமல் தோற்கவில்லை. அறிவிக்கை வெளியான பிறகு ஓடத் தொடங்கியதாலும், உடலில் இரும்புச்சத்து இல்லாததாலும், எலும்பு பழகுவதற்குள் தூரத்தைக் கூட்டியதாலும் தோற்றார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் வேகத்தைப் பற்றிச் சொல்வதைவிட அந்த மூன்றையும் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

எந்தப் பணிக்கு எந்த அளவு

பயிற்சியைத் தொடங்குமுன் எந்தப் பணிக்குப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அளவுகள் ஒன்றுபோல இல்லை. தரைப்படையில் அதிகாரி அல்லாத நிலையில் பெண்களுக்குத் திறந்திருப்பது ராணுவக் காவல் பிரிவு. அதற்குரிய உயரம் 162 சென்டிமீட்டர்; எடை, உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். கடற்படையில் அக்னிவீர் பணிக்குப் பெண்கள் 1.6 கிலோமீட்டரை 8 நிமிடத்துக்குள் ஓடுவதோடு, 15 முறை உட்கார்ந்து எழுந்து, 10 தண்டாலும், முழங்காலை மடக்கிப் படுத்த நிலையிலிருந்து எழும் பயிற்சி 10 முறையும் செய்ய வேண்டும். விமானப்படையில் ஓட்டத்துக்கு அதே 8 நிமிடம்தான். படுத்தெழும் பயிற்சி 10 முறை ஒன்றரை நிமிடத்துக்குள், உட்கார்ந்தெழும் பயிற்சி 15 முறை ஒரு நிமிடத்துக்குள். எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய தொழிற் பாதுகாப்புப் படை போன்றவற்றுக்கான காவலர் தேர்வில் பெண்களுக்கு அதே தூரத்துக்கு எட்டரை நிமிடம் தரப்படுகிறது. உயரம் 157 சென்டிமீட்டர் இருந்தால் போதும், சில பிரிவினருக்கு இதிலும் தளர்வு உண்டு. 162 சென்டிமீட்டருக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும் பிள்ளைகளை நான் முதல் நாளே இந்தப் பக்கம் திருப்பிவிடுகிறேன். ஆறு மாதம் ஓடிய பிறகு அளவுகோலின் கீழ் நின்று அழுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அறிவிக்கை ஆண்டுதோறும் மாறக்கூடியது. வயது வரம்பையும் தளர்வுகளையும் அந்தந்த ஆண்டு அறிவிக்கையை முழுதும் படித்தே உறுதி செய்துகொள்ள வேண்டும். இணையவழி எழுத்துத் தேர்வு முதலில் நடப்பதையும், அதில் தேறியவர்களே ஓட்டத்துக்கு அழைக்கப்படுவதையும் மறந்துவிடாமல், மாலை நேரத்தைப் படிப்புக்கு ஒதுக்குங்கள்.

பட்டதாரிகளுக்கு இன்னொரு வாசல் நம் ஊரிலேயே இருக்கிறது. பரங்கிமலையில் 1963 முதல் இயங்கிவரும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992 முதல் பெண் அதிகாரிகள் பயிற்சி பெற்றுவருகிறார்கள். பீரங்கிப் படையில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ஐந்து பெண் அதிகாரிகள் 2023 ஏப்ரல் 29 அன்று அங்கிருந்துதான் பணி ஏற்றார்கள். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து 'சி' சான்றிதழ் பெற்றிருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலேயே அகாடமிக்கான நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோ ரயிலில் ஏறினால் பரங்கிமலையில் இறங்கலாம் என்ற அளவில் இருக்கும் அந்த இடத்தைப் பற்றி நம் பகுதிக் கல்லூரிப் பெண்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஓடுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

முதல் நாள் காலணி வாங்கப் போகாதீர்கள். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஸ்டான்லி மருத்துவமனைக்கோ போய் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவாருங்கள். கருவுறாத பெண்களுக்கு அது டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. இதன் பொருள், என் முன்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு ஒருவர் தசைக்கு வேண்டிய ஆக்சிஜனைச் சுமந்து செல்ல வழியில்லாத ரத்தத்தோடு ஓடுகிறார் என்பதே. அப்படிப்பட்டவர் இரண்டாம் சுற்றிலேயே மூச்சிரைத்து நிற்பார். அவரைச் சோம்பேறி என்று சொல்லும் பயிற்சியாளரிடம் போகாதீர்கள்.

அளவு குறைவாக இருந்தால் மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவர் சொன்ன காலம் வரை விடாமல் சாப்பிட வேண்டும். மலம் கறுத்துப் போகிறது, வயிறு மந்தமாக இருக்கிறது என்று இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுவது நம் வீடுகளில் வழக்கம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி நேரத்தையோ மாத்திரையையோ மாற்றிக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் டீ குடித்தால் அந்த இரும்பு உடலில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ உடன் சாப்பிட்டால் நன்றாகச் சேரும்.

அதே வருகையில் வேறு சிலவற்றையும் பார்த்துவிடுங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்புவார்கள். காது மூக்கு தொண்டைப் பிரிவில் அதை எளிதாக எடுத்துவிடலாம். பற்களுக்கு 14 புள்ளி கணக்கு இருக்கிறது என்பதால் சொத்தைப் பல்லை இப்போதே அடைத்துக்கொள்ளுங்கள். கால்களைச் சேர்த்து நேராக நிற்கும்போது முட்டிகள் இடித்துக் கணுக்கால்கள் விலகி நிற்கிறதா, ஈரப் பாதத்தைத் தரையில் வைத்தால் உள்வளைவே தெரியாமல் முழுப் பாதமும் பதிகிறதா என்று பாருங்கள். இருந்தால் எலும்பு மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பச்சை குத்திக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். முன்கையின் உட்புறம் போன்ற மிகச் சில இடங்களைத் தவிர வேறெங்கும் அதற்கு அனுமதி இல்லை.

எங்கே ஓடுவது

கடற்கரை இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நம் கரையின் பெரும்பகுதி கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளால் ஆனது. மணல் திட்டுத் திட்டாகவே இருக்கிறது. எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலி பக்கத்துச் சாலைகளிலும் விடியற்காலையில்கூடக் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அவற்றின் இடைவெளியில் இருட்டில் ஓடுவது உயிருக்கு ஆபத்து, லாரிப் புகையோ மூச்சுக்கு ஆபத்து. ஆகவே உங்கள் வட்டத்திலுள்ள மாநகராட்சி விளையாட்டுத் திடலையோ, பள்ளி மைதானத்தையோ அனுமதி வாங்கிப் பயன்படுத்துவதே சரி. மண் தரை எலும்புக்கு நல்லது. ஐம்பது மீட்டர் நாடாவைக் கொண்டு திடலின் ஓரத்தை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால், ஒரு சுற்று எத்தனை மீட்டர் என்ற கணக்கு எப்போதும் கையில் இருக்கும். செல்பேசிச் செயலி சொல்லும் தூரம் சிறிய திடலில் பிழையாக வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறையாவது பெரியமேட்டில் உள்ள நேரு விளையாட்டரங்கம் போன்ற 400 மீட்டர் ஓடுபாதையில் அனுமதி பெற்று ஓடிப் பாருங்கள். நான்கு சுற்று என்பது கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்ள அது உதவும்.

மணலி, எண்ணூர் பக்கம் குடியிருப்பவர்கள் காற்றையும் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். கண் எரிந்தாலோ, தொண்டை கரகரத்தாலோ, வாடை கனமாக இருந்தாலோ அன்று ஓட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்யுங்கள். போகி அன்று காலையும் அப்படியே. வேகமாக ஓடும்போது நாம் சும்மா இருப்பதைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறோம் என்பதால், மற்றவர்களுக்குத் தொல்லையாக இருப்பது ஓடுபவருக்குக் கேடாகிவிடும்.

இருபத்து நான்கு வாரங்கள்

முதல் நான்கு வாரம் வாரத்துக்கு நான்கு நாள் மட்டும், நாளுக்கு அரை மணி நேரம். இரண்டு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆறு முறை மாற்றி மாற்றிச் செய்துவிட்டு, மீதி நேரத்தை நடையில் கழியுங்கள். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். பிள்ளைகளுக்கு இந்த நான்கு வாரம் மிகவும் சலிப்பாக இருக்கும். நெஞ்சுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்பார்கள். நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன, எலும்பு பழகுவதற்கு மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பிள்ளைகளின் கால் உடைகிறது.

இதை நான் பாடமாகக் கற்ற கதையைச் சொல்ல வேண்டும். கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண், அறிவிக்கை வந்த வாரத்தில் தொடங்கி, யாரையும் கேட்காமல் தினமும் சிமென்ட் சாலையில் எட்டு கிலோமீட்டர் ஓடினாள். மூன்றாம் வாரம் முன்னங்காலில் ஓரிடத்தில் வலி என்றாள். தசைப்பிடிப்பு என்று நினைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு மறுநாள் ஓடச் சொன்னது நான். ஐந்தாம் வாரம் அவளால் படி இறங்க முடியவில்லை. எலும்பில் நுண்ணிய விரிசல் என்று மருத்துவர் சொன்னார். அந்த ஆண்டு அவள் ஓடவில்லை. உலகெங்கும் படைப் பயிற்சிகளில் இத்தகைய விரிசல் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருவதாக ராணுவ மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள் என்பதை நான் அதற்குப் பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன். முன்பே படித்திருக்க வேண்டும். எலும்பின் மேல் ஒரு விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கெண்டைக்கால் முழுதும் பரவலாக வலித்து இரண்டு நாளில் குறைந்துவிடுவது வேறு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஐந்தாம் வாரத்திலிருந்து நடையைக் குறைத்து, எட்டாம் வாரத்துக்குள் நிற்காமல் 3 கிலோமீட்டரும், பத்தாம் வார முடிவில் 4 கிலோமீட்டரும் மெதுவாக ஓடப் பழகுங்கள். ஒரு வாரத்தின் மொத்தத் தூரம் முந்தைய வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வது நல்ல அளவு. நான்காவது வாரம் வரும்போதெல்லாம் தூரத்தைக் கொஞ்சம் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுங்கள்.

வேகம் பதினோராம் வாரத்தில்தான் வருகிறது. 7 நிமிடம் 30 விநாடி என்பது 450 விநாடி. அதை 400 மீட்டர் சுற்று நான்காகப் பிரித்தால் சுற்றுக்கு 112 விநாடியும் அரையும். அதாவது 100 மீட்டருக்கு 28 விநாடி. 28 விநாடியில் 100 மீட்டர் ஓடுவது எந்தப் பெண்ணுக்கும் கடினமில்லை, அதைப் பதினாறு முறை தொடர்வதுதான் தேர்வு. ஆகவே செவ்வாய்தோறும் 400 மீட்டரை 116 விநாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மீண்டும் ஓடி, இப்படி நான்கு முறை செய்யுங்கள். வாரங்கள் போகப்போக அதை 110 விநாடிக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளிக்கிழமை 200 மீட்டரை 52 முதல் 54 விநாடிக்குள் ஆறு முறை ஓடுங்கள். ஞாயிறு அன்று மெதுவாக 5 கிலோமீட்டர். இன்னொரு நாள் உங்கள் விருப்பம்போல மெல்லோட்டம். இதற்கு மேல் ஓட வேண்டியதில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழு 1.6 கிலோமீட்டரையும் நேரம் பார்த்து ஓடி, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு உங்கள் தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் முதல் சுற்றை 95 விநாடியில் பறந்து முடித்துவிட்டு, மூன்றாம் சுற்றில் 130-க்கு விழுகிறார்கள். முகாமில் ஒரே நேரத்தில் ஏராளமானோர் முண்டியடித்துப் புறப்படுவதால் இந்தத் தவறு அங்கே இன்னும் பெரிதாகும். 110, 113, 115, 110 என்று ஓடினால் 448 விநாடி. முதல் பிரிவு கையில் வந்துவிடும். முதல் சுற்றில் நாற்பது பேர் உங்களைத் தாண்டிப் போனாலும் கவலைப்படாமல் உங்கள் 110-ஐ ஓடப் பழகுவதற்காகவே, நான் சோதனை ஓட்டங்களில் வேகமான பையன்கள் சிலரையும் உடன் ஓடவிடுகிறேன்.

கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. களைப்பை மட்டுமே சேர்க்க முடியும்.

தசைக்கும் தாண்டுதலுக்கும்

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. வாரியக் குடியிருப்பின் மாடிப்படி, இருபது லிட்டர் தண்ணீர் கேன், பழைய பள்ளிப் பை, இவை போதும். வாரம் இரண்டு நாள், ஓட்டம் இல்லாத நாட்களில், தலா 15 முறை உட்கார்ந்தெழுதல் மூன்று சுற்று, படி ஏறி இறங்குதல் பத்து நிமிடம், ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்துதல் காலுக்கு 15 முறை, முழங்கையை ஊன்றி உடலை நேராகப் பலகைபோல நிறுத்துதல் அரை நிமிடத்தில் தொடங்கி ஒன்றரை நிமிடம் வரை. தண்டால் எடுக்க வராத பிள்ளைகள் சுவரில் கை ஊன்றித் தொடங்கி, பிறகு திண்ணை உயரத்துக்கு வந்து, பிறகு தரைக்கு வாருங்கள். முழங்காலைத் தரையில் ஊன்றி எடுப்பதைவிட இப்படி உயரத்தைக் குறைத்துக்கொண்டே வருவது விரைவில் பலன் தருவதை என் பிள்ளைகளிடம் கண்டிருக்கிறேன். குடம் சுமந்தும் கேன் தூக்கியும் வளர்ந்த நம் பகுதிப் பெண்களுக்கு இடுப்பிலும் பிடியிலும் ஏற்கெனவே வலு இருக்கிறது. தோளும் மார்பும்தான் பயிற்சி கேட்கின்றன.

நீளம் தாண்டுதலில் 10 அடி என்பது சற்றேறக்குறைய 3.05 மீட்டர். ஓடிவரும் வேகம் இருந்தால் அது பெரிய தூரமில்லை. பிள்ளைகள் தோற்பது மிதிக்க வேண்டிய கோட்டுக்கு முன்னால் தயங்கி, அடியைச் சுருக்கி, வேகத்தை இழப்பதால். கோட்டில் நின்று பின்னோக்கி 15 அடிவைப்பு ஓடிப் போய், கால் விழுந்த இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். அங்கிருந்தே எப்போதும் ஓடிவாருங்கள். கண் கோட்டைப் பார்க்காமல் எதிரே பார்க்கட்டும். இறங்கும்போது இரண்டு குதிகாலும் முன்னே விழுந்து உடல் முன்னோக்கிச் சாய வேண்டும், பின்னால் கை ஊன்றினால் கை பட்ட இடம்தான் கணக்கு. உயரம் தாண்டுதலில் 3 அடியைக் கத்தரிபோலக் கால்களை ஒன்றன்பின் ஒன்றாக வீசித் தாண்டினாலே போதும். மணல் கொட்டிய இடத்தில், இரண்டு பேர் தளர்வாகப் பிடித்த கயிற்றின் மேல் இரண்டடியில் தொடங்கிப் பழகுங்கள். கம்பையோ குழாயையோ கட்டிவைத்துப் பழகாதீர்கள். எத்தனை வேகமாக ஓடினாலும் தாண்டுதலில் தேறாவிட்டால் பயனில்லை என்பதால், பதினைந்தாம் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை ஓட்டம் முடிந்த களைப்போடே இரண்டையும் தாண்டிப் பாருங்கள், முகாமிலும் அந்த நிலையில்தான் தாண்டப்போகிறீர்கள்.

உணவு, மாதவிடாய், உடை

புரதப் பொடி டப்பா வாங்கச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதற்குத் தேவை என்ன இருக்கிறது? முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் நெத்திலிக் கருவாடும் சுண்ணாம்புச்சத்தும் புரதமும் சேர்ந்தவை. கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கொண்டைக்கடலைச் சுண்டல், வேர்க்கடலை, எள்ளுருண்டை, நாளுக்கு இரண்டு முட்டை, இவற்றை வைத்தே ஆறு மாதத்தை நடத்திவிடலாம். ஓடுவதற்கு அரை மணி முன் ஒரு வாழைப்பழம். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் காலை உணவு. காலையில் ஓடிவிட்டு ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள்தான் என்னிடம் அதிகமாக நோயில் விழுகிறார்கள். கத்திரி வெயில் காலத்தில் ஆறரை மணிக்குள் திடலை விட்டு வெளியேறிவிடுங்கள். நீராகாரமும் உப்புப் போட்ட மோரும் குடியுங்கள். தலை சுற்றி, வியர்வை நின்று, தோல் சூடானால் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை.

எடையைக் குறைக்கச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஓடினால் மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு நின்றே போகும். பயிற்சி நன்றாக நடப்பதன் அடையாளம் அது என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்ணும் உணவு உடலுக்குப் போதவில்லை, எலும்பு தேயத் தொடங்குகிறது என்பதன் அடையாளம் அது. மூன்று மாதம் வராவிட்டால் மகளிர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நோட்டில் ஓட்ட நேரத்துக்கு அருகிலேயே மாதவிடாய்த் தேதியையும் எழுதிவையுங்கள். அந்த நாட்களில் ஓடலாமா என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். வலி தாங்குமளவு இருந்தால் ஓடலாம், கெடுதல் ஒன்றுமில்லை. முகாம் தேதி யாருக்காகவும் மாறாது என்பதால் அந்த நாட்களிலும் ஒன்றிரண்டு முறை சோதனை ஓட்டம் ஓடிப் பார்த்துவிடுவது மனத் தைரியம் தரும்.

பெரிய விலைக் காலணி தேவையில்லை. விரல் முனையில் கட்டைவிரல் அகலம் இடமும், குதிகாலில் அசையாத பிடிப்பும் இருந்தால் போதும். ஆனால் விளையாட்டுக்கான உள்ளாடைக்குப் பணம் செலவழிக்கத் தயங்காதீர்கள். அது இல்லாமல் கூச்சத்தால் தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைகளின் மூச்சும் கைவீச்சும் கெட்டுப்போவதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

வீட்டாரும் தெருவும்

பயிற்சியைவிடக் கடினமானது விடியற்காலை ஐந்து மணிக்கு வாசற்படியைத் தாண்டுவது. "பசங்க ஓடுற எடத்துல பொண்ணுக்கு என்ன வேலை?" என்று கேட்ட ஒரு ஆயாவைத் திடலுக்கே அழைத்துவந்து நேரம் பார்க்கும் வேலையைக் கொடுத்தோம், இன்று அவர் வராத நாளில்தான் பிள்ளைகள் தேடுகிறார்கள். தனியாக ஓடாதீர்கள். நான்கு பேராவது சேருங்கள், தம்பியோ அப்பாவோ மிதிவண்டியில் உடன் வரட்டும், வெளிச்சம் வந்த பிறகு தொடங்குங்கள். வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தரகர்களிடம் அப்பாக்கள் ஏமாற வேண்டாம். ஓட்டத்தின் நேரத்தை யாராலும் விலைக்கு வாங்கித் தர முடியாது. அக்னிவீர் என்பது நான்கு ஆண்டுப் பணி, அதன்பின் நான்கில் ஒரு பங்கினர் வரையே நிரந்தரமாக்கப்படுவர் என்பதையும் வீட்டில் மறைக்காமல் பேசிவிடுங்கள்.

ராணுவம் பெண்களுக்கு வழக்கமில்லாதது என்று சொல்பவர்களிடம் நான் ஒன்றைச் சொல்வதுண்டு. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த லட்சுமி, 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். அதில் துப்பாக்கி பிடித்தவர்களில் ஏராளமானோர் மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள்.

ஆண்களுக்கு 5 நிமிடம் 30 விநாடி, பெண்களுக்கு 7 நிமிடம் 30 விநாடி என்பது சலுகைதானே என்ற கேள்வி எல்லாத் திடலிலும் எழும். பெண்ணின் இதயம் சிறியது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு. ஆகவே ஒரே உழைப்புக்கு நேரம் வேறுபடுகிறது. நுழைவுத் தேர்வு அளப்பது பயிற்சியைத் தாங்கும் உடல்நிலையை. குறிப்பிட்ட வேலைக்குரிய வலிமையை அளப்பது வேறு. பிரிட்டன் ராணுவம் 2019-இல் நேரடிப் போர்ப் பணிகளுக்கு ஆண் பெண் இருவருக்கும் ஒரே அளவை வைத்தபோது, அந்தப் பணியில் உண்மையில் என்ன தூக்க வேண்டும், எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும் என்பதையே அடிப்படையாகக் கொண்டது. அதுவே நேர்மையான முறை என்பது என் கருத்து. நம் நாட்டில் 2021 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றம் நிதீஷா வழக்கில் சொன்னதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரப் பணிக்காகப் பெண் அதிகாரிகளிடம் நடுவயதில் கேட்கப்பட்ட மருத்துவத் தகுதியை, ஆண் அதிகாரிகள் இளமையிலேயே நிறைவுசெய்து நிரந்தரம் பெற்றிருந்தார்கள். காலம் கடந்து அதே அளவை வைப்பது பாகுபாடு என்று நீதிமன்றம் கண்டது. அளவு இருக்கலாம், அதை எப்போது யாருக்கு வைக்கிறார்கள் என்பதில்தான் நியாயம் இருக்கிறது.

முகாம் நாள்

முந்தைய இரவு வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், பிரியாணி வேண்டாம். சான்றிதழ்களின் மூலமும் நகல்களும், அனுமதிச் சீட்டு, பழகிய காலணி, மாற்று உடை, நாப்கின், வாழைப்பழம், தண்ணீர், இவற்றை ஒரு பையில் இரவே எடுத்து வைத்துவிடுங்கள். வெளியூர் முகாம் என்றால் முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள், ரயிலில் இரவு முழுதும் உட்கார்ந்து வந்த காலால் ஓட முடியாது. வரிசையில் மணிக்கணக்காக நிற்க வேண்டியிருக்கும். அழைப்பு வருவதற்குப் பத்து நிமிடம் முன்பாக நடந்தும் மெல்ல ஓடியும் உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். புறப்படும் கோட்டில் உள்வளைவின் நெரிசலில் நிற்காமல் சற்று வெளிப்புறம் நின்று, முதல் 100 மீட்டர் கடந்ததும் உள்ளே வாருங்கள். கீழே விழுந்தால் உடனே எழுந்து ஓடுங்கள், நான்கு சுற்றில் ஐந்து விநாடி இழப்பை ஈடுகட்ட இடம் உண்டு. கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். கையை இடுப்பில் வைத்து ஐந்து நிமிடம் நடந்து, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, காலணிக் கயிற்றை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு, நீளம் தாண்டும் இடத்தில் உங்கள் பதினைந்து அடிவைப்பை எண்ணிப் பார்க்கத் தொடங்குங்கள்.